எந்த வட்டம் சார்?

கும்பகோணத்துக்காரர்கள் இரண்டு பேர் ரயிலில் சந்தித்தால், ‘எந்தத் தெரு?’ என்பார்கள். மதுரைக்காரர்கள் ‘மதுரையில எங்கண்ணே?’ என்று ஆரம்பித்து, ஐந்தாவது நிமிஷம் ஜிகர்தண்டாவில் வந்து நிற்பார்கள். நெய்வேலிக்காரர்கள் அப்படியில்லை. சென்னையோ, ஷார்ஜாவோ, நியூஜெர்ஸியோ, எங்கே பார்த்துக்கொண்டாலும் முதல் கேள்வி ‘உங்க பேர் என்ன?’ கிடையாது.

‘‘நீங்க எந்த வட்டம்?’’

‘‘இருபத்தொண்ணு. நீங்க?’’

‘‘எட்டு.’’

தீர்ந்தது விஷயம்! அந்த ஒரு நம்பரிலேயே அப்பாவின் உத்தியோகம், வீட்டின் அளவு, எந்த ஸ்கூல், சைக்கிளில் எந்த வழியாகப் போயிருப்பார், எந்தக் கடையில் பரோட்டா சாப்பிட்டிருப்பார் என்பதெல்லாம் பாதி தெரிந்துவிடும். பேர் கேட்பது அப்புறம், பிரியும்போது, போனில் நம்பர் பதிந்துகொள்வதற்காக.

வெளியூர்க்காரர்களுக்கு ஒரு விளக்கம். நெய்வேலி டவுன்ஷிப்பை சுமார் முப்பது துண்டாக வெட்டி, ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர் போட்டிருக்கிறார்கள். இங்கிலீஷில் ‘பிளாக்’. தமிழில் அதை ‘வட்டம்’ என்று மொழிபெயர்த்தவர் யாரோ, குறும்புக்காரர். ஏனென்றால் ஒரு வட்டம்கூட வட்டமாக இல்லை. ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி நேரான ரோடுகள், அதை வெட்டும் குறுக்கு ரோடுகள், நடுவே சதுரம் சதுரமாக வீடுகள். ஜியாமெட்ரி வாத்தியார்கள் மன்னிக்கவும்!

சென்னையிலிருந்து கும்பகோணம் பஸ்ஸில் ஏறினால் சுமார் இருநூறு கிலோமீட்டர். பண்ருட்டி வரும். ரோட்டோரம் பலாப்பழத்தை யானைக்குட்டி மாதிரி படுக்க வைத்திருப்பார்கள். அப்புறம் செம்மண், முந்திரிக் காடு, செம்மண், முந்திரிக் காடு. வடக்குத்து தாண்டியதும் கண்டக்டர், ‘‘ஆர்ச் கேட்லாம் எறங்கு!’’ என்பார். வலது பக்கம் திரும்பி உள்ளே நுழைந்தால் திடீரென்று யாரோ ஏ.சி. போட்ட மாதிரி இருக்கும். ரோட்டின் இரு புறமும் மரம். மேலே பார்த்தால் மரம். வீட்டுக்கு முன்னால் மரம், பின்னால் முருங்கை. ஹாரன் சத்தம் இல்லை, சாக்கடை நாற்றம் இல்லை, இடித்துக்கொண்டு வளர்ந்த மாடி இல்லை. ‘தமிழ்நாட்டில்தான் இருக்கிறோமா?’ என்று சின்னதாக ஒரு சந்தேகம் வரும். டீக்கடை ரேடியோவைக் கேட்டால்தான் தீரும்.

நம் ஊர்கள் எல்லாம் ஒரு மாதிரி உண்டானவை. முதலில் சாமி. சாமிக்குக் கோயில். கோயிலுக்குக் குளம். குளத்தைச் சுற்றி நாலு வீதி. தேர் திரும்பும் மூலையில் ஒரு மிட்டாய்க் கடை. அந்தக் கடைக்குப் பின்னால் மெதுவாக ஊர். நெய்வேலியில் எல்லாம் தலைகீழ். முதலில் ஒரு குழி. குழிக்குப் பக்கத்தில் ஒரு புகைபோக்கி. புகைபோக்கியைப் பார்த்துக்கொள்ள ஆட்கள். ஆட்கள் தூங்க வீடுகள். இதெல்லாம் முடிந்து, மூச்சு விட்டுக்கொண்டு, கடைசியில்தான் பெரிய கோயில்.

அந்தக் கோயிலைச் சொல்லியாக வேண்டும். சிதம்பரம் இங்கிருந்து எட்டிப் பிடிக்கும் தூரம். சிதம்பரத்துக்கு இத்தனை பக்கத்தில் நடராஜருக்கு இன்னொரு கோயில் கட்ட ஒரு தைரியம் வேண்டும். நெய்வேலிக்காரர்கள் கட்டினார்கள். அதுவும் பத்தடி உயரத்தில், இரண்டு டன்னுக்கு மேல் எடையில், ஐம்பொன்னில்! கிரேன் ஓட்டுகிற ஊருக்கு எடை ஒரு பிரச்னையா? இதையும்விட எனக்குப் பிடித்தது அங்கேயிருக்கிற ஒரு பெட்டி. பக்தர்கள் தங்கள் குறையைக் காகிதத்தில் எழுதி அதில் போட்டுவிட்டு, பக்கத்திலிருக்கும் ஆராய்ச்சி மணியை அடிக்கலாம். மனுநீதிச் சோழன் ஏற்பாடு. பொதுத்துறை ஊரில் கடவுளுக்கும் ஒரு குறைதீர்ப்புப் பிரிவு! (புரொமோஷன் கேட்டு எத்தனை மனு விழுந்திருக்கும் என்று நடராஜருக்குத்தான் வெளிச்சம்.)

ஆனால், எல்லோருக்கும் முன்னாலேயே இங்கே குடியிருந்தவர் ஒருவர் உண்டு. வில்லுடையான்பட்டு முருகன். கையில் வேலுக்குப் பதில் வில். பங்குனி உத்திரத்தன்று போய்ப் பாருங்கள். கிரேடு, ஷிப்ட், யூனியன் எல்லாவற்றையும் வீட்டில் வைத்துவிட்டு மொத்த ஊரும் காவடியோடு ரோட்டில் இருக்கும். சுற்றுக் கிராமத்துக்காரர்களும் டவுன்ஷிப்காரர்களும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நடப்பதை அன்றைக்கு நன்றாகப் பார்க்கலாம். மற்ற நாட்களைப் பற்றி பிறகு சொல்கிறேன்.

*

குழி எப்படி வந்தது?

1930-களின் நடுவில் ஜம்புலிங்க முதலியார் என்ற நிலக்கிழார் தன் நிலத்தில் தண்ணீருக்காக ஆழ்துளை போட்டார். தண்ணீரோடு கறுப்பாக என்னவோ வந்தது. நீங்களும் நானுமாக இருந்தால், ‘தண்ணி கெட்டுப் போச்சுய்யா, வேற இடம் பாரு’ என்று போர்க்காரனிடம் சொல்லியிருப்போம். அவர் விடவில்லை. இது என்ன சமாசாரம் என்று அரசாங்கத்தைத் துளைத்தார். பின்னால் நிறுவனத்துக்காக அறுநூறு ஏக்கருக்கு மேல் நிலத்தையும் கொடுத்தார் என்பார்கள். அவருக்கு நெய்வேலியில் சிலை இருக்கிறது. தமிழ்நாட்டில் தண்ணீருக்குத் தோண்டிக் கரி கிடைத்துச் சிலையானவர் அவர் ஒருவராகத்தான் இருக்க வேண்டும்.

கரி என்றால் கன்னங்கரேல் கரி இல்லை. பழுப்பு நிலக்கரி. லிக்னைட். கோடிக்கணக்கான வருஷங்களுக்கு முந்தைய காடு, கரியாக முற்றுவதற்குள் நாம் அவசரப்பட்டு எடுத்த மாதிரி. பாதிக்குப் பாதி தண்ணீர். ஜார்க்கண்ட் கரி மாதிரி ரயிலில் ஏற்றி ஊர் ஊராக அனுப்பினால் தண்ணீருக்கு டிக்கெட் எடுத்த கதைதான். அதனால் ஒரே வழி: தோண்டின இடத்திலேயே எரி. எரித்து மின்சாரமாக்கி, கம்பியில் அனுப்பு. சுரங்கத்துக்கு ஒட்டினாற்போல் அனல் மின் நிலையம் இருப்பதற்கும், அதை ஒட்டி ஒரு ஊரே முளைத்ததற்கும் காரணம் இந்த ஈரம்தான்.

நிறுவனம் 1956 நவம்பரில் பிறந்தது. காமராஜர் அப்போது முதல்வர். தமிழ்நாட்டில் மண்ணெண்ணெய் விளக்குக்கு மட்டும் பஞ்சமில்லாத காலம். டெல்லியை விடாமல் நச்சரித்துக் காரியத்தை முடித்தார்கள். 1957 மே 20-ம் தேதி நேரு வந்து சுரங்க வேலையைத் துவக்கி வைத்தார்.

பிறகு நடந்தது சினிமா எடுக்க வேண்டிய விஷயம். மண் தோண்டும் ராட்சச மெஷின்கள் மேற்கு ஜெர்மனியிலிருந்து வந்தன. அனல் மின் நிலையம் கட்ட சோவியத் ரஷ்யா வந்தது. 1961 ஆகஸ்ட் மாதம் பெர்லினில் நடுவே சுவர் எழுப்பி, இந்தப் பக்கம் அமெரிக்க டாங்கி, அந்தப் பக்கம் ரஷ்யர்கள் என்று உலகம் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தது. அதே ஆகஸ்டில்தான் நெய்வேலியில் முதன்முதலாகக் கரி வெளியே தலை காட்டியது. ஜெர்மன் மெஷின் தோண்ட, ரஷ்ய கொதிகலன் எரிக்க, நடுவே நம்மாள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ‘‘ரெண்டு பேருக்கும் டீ சொல்லவா சார்?’’ என்று நின்றிருப்பார். 1962-ல் முதல் 50 மெகாவாட் யூனிட் ஓட ஆரம்பித்தது.

அந்த மெஷினை நீங்கள் பார்க்க வேண்டும். ராட்டினம் மாதிரி ஒரு பெரிய சக்கரம். சக்கரத்தின் விளிம்பில் பெட்டி உட்காரும் இடத்தில் எல்லாம் வாளி, பற்களோடு. சக்கரம் சுற்றச் சுற்ற ஒவ்வொரு வாளியும் மண்ணைக் கடித்து, தூக்கி, பெல்ட்டில் துப்பும். பெல்ட் மைல் கணக்கில் ஓடிக்கொண்டே இருக்கும். முடிவில் இன்னொரு மெஷின் அதை வாங்கி, குழியின் பின்பக்கம் கொட்டும். ஒரு டன் கரி எடுக்க அதற்கு மேலே உள்ள ஐந்து ஆறு கன மீட்டர் மண்ணை அப்புறப்படுத்த வேண்டும். அதாவது நெய்வேலியில் முக்கிய வேலை கரி எடுப்பதல்ல. மண் அள்ளுவது. கரி ஒரு கொசுறு மாதிரி.

மேலே மண் என்றால் கீழே தண்ணீர். கரிப் படுகைக்கு அடியில் தண்ணீர் பிரஷர் குக்கர் மாதிரி அழுத்தத்தோடு உட்கார்ந்திருக்கிறது. சும்மா விட்டால் குழியின் தரையைப் பிளந்துகொண்டு மேலே வந்துவிடும். அதனால் சுற்றிலும் போர் போட்டு இரவு பகலாக இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். பம்ப் நின்றால் சுரங்கம் ஏரி. அந்தத் தண்ணீர் மின் நிலையத்துக்கும், டவுன்ஷிப் குழாய்க்கும், வயலுக்கும் போகிறது. சென்னை நாக்கு வறண்ட வருஷங்களில் அங்கேயும் போயிருக்கிறது. இதே சமாசாரத்தைச் சுற்றுக் கிராமத்தில் வேறு மாதிரி சொல்வார்கள்: ‘‘எங்க தாத்தா காலத்துல போர் போட்டா மோட்டாரே வாணாம், தண்ணி தானா பொங்கி வரும். இப்ப எவ்ளோ ஆழம் போனாலும் காத்துதான் வருது.’’ இரண்டும் ஒரே தண்ணீர்தான்.

*

டவுன்ஷிப் வாழ்க்கை ஒரு தினுசு. 1990-களில் அங்கே வளர்ந்த நண்பர் ஒருவர் சொன்னது: ‘‘எங்க ஊர்ல ஜாதகம் பார்க்கறதுக்கு முந்தி ஷிப்ட் பார்ப்பாங்க.’’ வாரா வாரம் மாறும் ஷிப்ட். நைட் ஷிப்ட் முடித்து அப்பா காலையில் வந்து படுத்தால், வீட்டில் மிக்ஸி கூடாது, கிரிக்கெட் கூடாது, பக்கத்து வீட்டு நாய் குரைக்கக் கூடாது. மதியானம் மூன்று மணிக்கு ஒரு தெருவில் நிசப்தம் என்றால், அது பக்தி இல்லை, யாரோ நைட் ஷிப்ட்.

ஊருக்கு மேயர் கிடையாது, கவுன்சிலர் கிடையாது. ரோடு போட நிறுவனம், விளக்கு மாற்ற நிறுவனம், குழாய் ரிப்பேருக்கு நிறுவனம், ஆஸ்பத்திரி நிறுவனம், பள்ளிக்கூடம் பெரும்பாலும் நிறுவனம். கம்ப்ளெய்ன்ட் எழுதிக் கொடுத்தால் ஆள் வருவார். இது பழகிப்போனவர்கள் பிறகு சென்னையில் குடியேறி, தெருக்குழாய் உடைந்ததும், ‘‘எங்க சார் எழுதிக் குடுக்கணும்?’’ என்று கேட்டு அக்கம்பக்கத்தில் சிரிப்பை வாங்கிக்கொள்வார்கள்.

தெருவுக்குத் தெரு தமிழும் மாறும். ஒரே வரிசையில் நாகர்கோவில்காரர், தஞ்சாவூர்க்காரர், சேலத்துக்காரர், அவர்களுக்கு நடுவே ஒரு பாலக்காட்டுக் குடும்பம், கடைசி வீடு கர்னூல். பிள்ளைகள் இதையெல்லாம் கலந்து, எந்த ஜில்லாவுக்கும் சொந்தமில்லாத ஒரு தமிழ் பேசும். பாட்டும் உண்டு. நெய்வேலி சந்தானகோபாலன் பேருக்கு முன்னால் இந்த ஊரைப் போட்டுக்கொண்டிருக்கிறார். ஊர் தோன்றிச் சில பத்தாண்டுகளுக்குள் சங்கீத சபா நோட்டீஸில் ஏறியது லேசான காரியம் இல்லை. செம்மங்குடியும் அரியக்குடியும் எவ்வளவு காலம் காத்திருந்தன!

1998-லிருந்து புத்தகக் கண்காட்சி. சென்னைக்கு வெளியே புத்தகக் கண்காட்சி என்றாலே உதட்டைப் பிதுக்கிய பதிப்பாளர்கள், இங்கே வந்து மூட்டை காலியாகி, திரும்பும்போது வேனில் கால் நீட்டிப் படுத்துக்கொண்டு போன கதை உண்டு. மாதச் சம்பளம் நிச்சயம், சாயங்காலம் போக வேறு இடமில்லை, வீட்டில் படித்தவர்கள். புத்தகம் விற்க வேறென்ன வேண்டும்?

கரண்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2012-ல் தமிழ்நாடு முழுக்க விசிறி மட்டையும் கையுமாக உட்கார்ந்திருந்தோமே, ஞாபகம் இருக்கிறதா? அந்தக் கோடையில் டவுன்ஷிப்பில் குவார்ட்டர்ஸ் வைத்திருந்தவர்களுக்கு திடீரென்று சொந்தக்காரர்கள் பெருகினார்கள். ஒன்றுவிட்ட சித்தப்பா, இரண்டுவிட்ட மாமா, பேர் நினைவில்லாத அத்தை எல்லோரும் ‘சும்மா பார்த்துட்டுப் போலாம்னு’ வந்து, ஃபேனுக்கு நேர் கீழே பாய் போட்டார்கள். ஆர்ச் கேட்டுக்கு வெளியே, புகைபோக்கியைத் தினமும் பார்த்துக்கொண்டிருக்கிற கிராமங்களிலோ மெழுகுவத்தி. அவை வாரியத்துக் கம்பியில் தொங்குகிறவை. வாரியம் வெட்டினால் வெட்டுத்தான்.

இங்கே உற்பத்தியாகிற கரண்ட் கேரளாவுக்குப் போகிறது, கர்நாடகாவுக்குப் போகிறது, ஆந்திராவுக்கும் புதுச்சேரிக்கும் போகிறது. அதனால்தான் 2002 அக்டோபரில் காவிரித் தண்ணீர் தராத கர்நாடகத்துக்கு நம் கரண்ட் எதற்கு என்று பாரதிராஜா தலைமையில் சினிமா உலகமே பஸ் பஸ்ஸாக இங்கே வந்து இறங்கியது. அன்றைக்கு ரஜினி வரவில்லை, மறுநாள் சென்னையில் தனியாக உண்ணாவிரதம் இருந்தார் என்பதைப் பற்றி எத்தனை டீக்கடைகளில் எத்தனை கிளாஸ் உடைந்தது என்று உங்களுக்கே தெரியும். பிறகு 2020 பிப்ரவரியில் இன்னொரு கூட்டம். சுரங்கப் பக்கம் ‘மாஸ்டர்’ படப்பிடிப்பு, வருமான வரி அதிகாரிகள் விசாரணை, எதிர்த்து ஒரு ஆர்ப்பாட்டம், ஆதரித்து ஒரு ஜன சமுத்திரம். விஜய் வண்டி மேல் ஏறி அத்தனை பேரையும் சேர்த்து ஒரு செல்ஃபி எடுத்தார். நெய்வேலி என்ற பேர் கம்பி இல்லாமலே நாடு முழுக்கப் போனது அந்த ஒரு தடவைதான்.

*

இனி, இந்த ஊரின் பெரிய விசேஷத்துக்கு வருகிறேன். இங்கே யாருக்கும் சொந்த வீடு கிடையாது.

டவுன்ஷிப்பில் எல்லாமே நிறுவனத்தின் வீடு. வீட்டைப் பார்த்தால் கிரேடு தெரியும். புரொமோஷன் வந்தால் ஒரு ரூம் கூடும். மாமரம் வைக்கலாம், பழம் தின்னலாம், மரத்தடியில் பேரனைத் தொட்டிலில் ஆட்டலாம். ஆனால் அறுபது வயது நிறைந்ததும் மாலை, சந்தன மாலை, குத்துவிளக்கு ஒன்று, குரூப் போட்டோ... சாவியைக் கொடுத்துவிட்டுக் கிளம்பு. முப்பத்தைந்து வருஷம் குடியிருந்த வாசலில் அடுத்த வாரம் வேறொருவர் கோலம். மற்ற ஊர்களில் கிழவர்கள் பெருகிப் பார்க் பெஞ்சுகள் பத்தாமல் போகும். இங்கே அறுபதைத் தாண்டியவர்களை விரல்விட்டு எண்ணலாம். அவர்களும் மகன் குவார்ட்டர்ஸில் விருந்தாளிகள்.

ஆக, எந்த வட்டம் என்று கேட்டுக் கண்கலங்குகிறார்களே, அந்த வட்டத்தில் அவர்களுக்கு ஒரு செங்கல்கூட உரிமையில்லை!

இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், சொந்த வீடு, சொந்த நிலம், சொந்தக் கிணறு எல்லாம் வைத்திருந்து, இந்த ஊருக்காக அதை விட்டுக் கொடுத்தவர்கள்.

சுரங்கம் நடக்கும் என்றால் நம்புவீர்களா? நிஜமாகவே நடக்கும். முன்பக்கம் தோண்டும், பின்பக்கம் மூடும். கம்பளிப்பூச்சி மாதிரி வருஷத்துக்குக் கொஞ்சம் கொஞ்சம் நகரும். பின்னால் மூடிய இடத்தில் மேடு கட்டி, மரம் நட்டு, சில இடத்தில் ஏரி மாதிரி தண்ணீர் நின்று, பறவைகள்கூட வருகின்றன. நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் முன்பக்கம் என்ன இருக்கிறது? ஒரு கிராமம் இருக்கிறது. கம்பளிப்பூச்சி வரும் வழியில் ஒவ்வொரு இலையாக, 1950-களிலிருந்து இன்றுவரை கிராமங்கள். நோட்டீஸ் வரும், சர்வே கல் நடுவார்கள், விலை பேசுவார்கள், வேலை தருவதாகப் பேச்சு வரும். அந்த வேலை நிரந்தர வேலையா, காண்ட்ராக்ட் வேலையா என்பதுதான் அறுபது எழுபது வருஷமாக இந்த வட்டாரத்தின் ஒரே கேள்வி. நிலம் கொடுத்தவரின் பேரன், தாத்தாவின் கிணறு இருந்த இடத்துக்கு மேலே ஓடுகிற பெல்ட்டில் காண்ட்ராக்ட் கூலியாக நிற்பது இங்கே அபூர்வக் காட்சி இல்லை.

2022-ல் இன்னொன்று நடந்தது. 299 பட்டதாரிப் பொறியாளர்களுக்கான பட்டியலில் தமிழ்நாட்டுக்காரர் ஒருவர்கூட இல்லை என்று கட்சிகள் எல்லாம் குரல் எழுப்பின. ‘கேட்’ மார்க்கை வைத்துத் தேர்வு, நாடு முழுக்கப் போட்டி, அதனால் இப்படி என்று பதில் வந்தது. இரண்டு மார்க் கூட வாங்கியவனுக்கு வேலை என்பது நியாயம்தான். நிலத்துக்கு மார்க் போடும் பரீட்சை ஒன்று இருந்தால் அதையும் வைக்கலாம் என்பது என் கட்சி.

2023 ஜூலை கடைசியில் வளையமாதேவிப் பக்கம் கால்வாய் வெட்ட மண் வாரும் இயந்திரங்கள் இறங்கின. பரவனாற்றைத் திருப்பிவிட வேண்டும், இல்லாவிட்டால் மழைக்காலத்தில் சுரங்கத்துக்குள் வெள்ளம் என்றார்கள். நிலம் பல வருஷத்துக்கு முன்பே எடுக்கப்பட்டுவிட்டது, காகிதப்படி அது நிறுவனத்துடையது. ஆனால், காகிதத்தின் மேல் நெற்பயிர் நின்றது. அறுவடைக்குக் கொஞ்ச நாள்தான் பாக்கி. டி.வி.யில் நீங்களும் பார்த்திருப்பீர்கள்: பச்சை வயலுக்குள் மஞ்சள் மெஷின். ஜூலை 28-ம் தேதி பா.ம.க. போராட்டம், ஆர்ச் கேட் பக்கம் கல்வீச்சு, கண்ணீர்ப்புகை, அன்புமணி கைது. விவகாரம் ஹைகோர்ட்டுக்குப் போய், சேதமான பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் நஷ்டஈடு என்று ஆனது.

சட்டப்படி யார் பக்கம் என்று வக்கீல்கள் சொல்லட்டும். எனக்குத் தோன்றியது வேறு. அந்த வயலிலிருந்து கூப்பிடு தூரத்தில், வடலூரில், 1867-ல் வள்ளலார் மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையாமல் எரிகிறது. வாடிய பயிருக்காக உருகிய மனிதரின் ஊர். பத்து கிலோமீட்டருக்குள் இரண்டு அணையா அடுப்புகள். ஒன்று சோறு ஆக்குகிறது, ஒன்று கரண்ட் ஆக்குகிறது. இரண்டும் நமக்கு வேண்டியிருக்கிறது. இந்தக் கட்டுரையை ஃபேன் காற்றில்தான் எழுதுகிறேன்.

நமக்கு மட்டும்தான் இந்தத் தலைவலி என்று நினைக்காதீர்கள். நெய்வேலிக்கு மெஷின் கொடுத்த அதே ஜெர்மனியில், 2023 ஜனவரியில் லுட்ஸராத் என்ற சின்னக் கிராமத்தைப் பழுப்பு நிலக்கரிக்காகக் காலி செய்தார்கள். இளைஞர்கள் மரத்தின் மேல் குடிசை கட்டிக்கொண்டு இறங்க மாட்டேன் என்றார்கள். போலீஸ் சேற்றில் வழுக்கி விழுந்தது. ஸ்வீடனிலிருந்து வந்த கிரேட்டா துன்பர்க்கைத் தூக்கிக்கொண்டு போனார்கள். பக்கத்தில் நம் நெய்வேலி மெஷினின் பெரியப்பா மாதிரி ஒன்று சுற்றிக்கொண்டிருந்தது. கிராமத்தைச் சாப்பிடுவதில் கிழக்கு, மேற்கு வித்தியாசம் அந்தச் சக்கரத்துக்கு இல்லை.

சுரங்கத்துக்குள்ளும் மின் நிலையத்துக்குள்ளும் இருப்பவர்களும் லேசாகச் சம்பாதிக்கவில்லை. 2020 ஜூலை 1-ம் தேதி இரண்டாம் அனல் மின் நிலையத்தில் கொதிகலன் வெடித்தது. அதற்கு முன் மே மாதம் ஒரு விபத்து. இரண்டிலுமாகப் பத்துப் பேருக்கு மேல் போனார்கள், காண்ட்ராக்ட் தொழிலாளிகள் உட்பட. விபத்தில் மட்டும் நிரந்தரம், தற்காலிகம் என்ற பாகுபாடு இல்லை. குடும்பத்துக்குக் கிடைப்பதில் உண்டு. அதற்காகத்தான் கேட்டில் கூட்டம் கூடுகிறது.

அதே 2020 செப்டம்பரில் ரஷ்யர்கள் கட்டிக் கொடுத்த முதல் அனல் மின் நிலையத்தை நிறுத்தினார்கள். 58 வருஷம் ஓடியது. மனிதர்களைவிட இரண்டு வருஷம் முன்னதாகவே ரிடையர்மென்ட்! குத்துவிளக்கு யார் கொடுத்தார்களோ... அதன் பிள்ளை, 1000 மெகாவாட் புதிய நிலையம், பக்கத்திலேயே வந்துவிட்டது. ஒரு காலத்தில் இங்கே யூரியா செய்தார்கள். ‘லெக்கோ’ என்று குட்டித் தலையணை மாதிரி கரி செய்தார்கள். அம்மாக்கள் அதைப் பற்ற வைக்கப் பட்ட பாடு தனிப் புராணம். ஒரு தடவை பிடித்துவிட்டால் சாயங்காலம் வரை அணைக்க முடியாது. இரண்டும் மூடியாயிற்று.

நிறுவனம் இன்று ராஜஸ்தானில் தோண்டுகிறது, ஒடிசாவில் தோண்டுகிறது, வெயிலிலிருந்து கரண்ட் எடுக்கிறது. பேரையும் 2016-ல் மாற்றிக்கொண்டது. நெய்வேலி லிக்னைட் கார்ப்பரேஷன் போய், ‘என்.எல்.சி. இந்தியா’. நமக்குத் தெரிந்த பழக்கம்தான். பையன் படித்துப் பெரிய ஆளாகி டெல்லி, பம்பாய் என்று போனபின், அப்பா பேர் ஒரு எழுத்தாகச் சுருங்கி முன்னால் ஒட்டிக்கொண்டிருக்கும். நெய்வேலி இப்போது இனிஷியல்.

*

போன மாதம் நண்பர் ஒருவர் போன் செய்தார். இன்னும் பதினாலு மாதத்தில் ரிடையர்மென்ட். குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டுச் சென்னைக்குப் போக மனசில்லை. (‘‘அங்க யாரு சார் என்னை எந்த வட்டம்னு கேப்பாங்க?’’) சொந்த ஊர் திருவாரூர் பக்கம், அங்கே பெரியப்பா பிள்ளைகளைத் தவிர யாரையும் தெரியாது. எல்லோரும் செய்வதைத்தான் செய்யப் போகிறார். ஆர்ச் கேட்டுக்கு வெளியே, இந்திரா நகர், வடக்குத்து, வடலூர்ப் பக்கம் எங்கேயாவது ஒரு மனை வாங்கி, மாடியிலிருந்து பார்த்தால் புகைபோக்கி தெரிகிற மாதிரி வீடு கட்டுவது. அந்தப் பக்கம் முழுக்க இப்படித்தான் ரிடையர் ஆனவர்களின் வீடுகள். வாசலில் மறக்காமல் மாங்கன்று.

மனை பார்க்க ஒரு புரோக்கரோடு போனாராம். புரோக்கர் வெள்ளைச் சட்டை, கக்கத்தில் பை, காதில் போன். கிழக்குப் பார்த்த மனை, முப்பதடி ரோடு, பக்கத்திலேயே ஸ்கூல், அப்ரூவல் எல்லாம் வழக்கம்போலச் சொல்லிக்கொண்டே வந்தவர், நண்பர் இன்னும் தயங்குவதைப் பார்த்ததும் போனை அணைத்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு, தன் கடைசி அஸ்திரத்தை எடுத்தார்:

‘‘சார், உங்களுக்காகச் சொல்றேன். இதுக்குக் கீழ ஒண்ணுமே கெடையாது. வெறும் மண்ணு. தைரியமா வாங்கலாம்!’’